வியாழக்கிழமை வாசனை

கரா-பெல்
24 மார்ச் 2011

என் பனிவாரியே,

எங்கே அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன். முன்பெல்லாம் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் மேலே கணவாயில் உங்கள் கைக்கு வந்துவிடும். இப்போது எழுதி முடித்ததும் கதவுக்குப் பின்னால் தொங்குகிற உங்கள் ஆட்டுத்தோல் கோட்டின் உள்பையில் போடப் போகிறேன். உங்கள் துணிமணியெல்லாம் முறைப்படி பங்கு வைத்துக் கொடுத்தாயிற்று. கோட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை. உங்க அக்கா இரண்டு தடவை கேட்டார். அந்துப்பூச்சி அரித்துவிட்டது, கொடுத்தால் மரியாதையில்லை என்று பொய் சொன்னேன்.

நாற்பதாம் நாள் நல்லபடியாக முடிந்தது. சாலைத் துறையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். உங்களைக் கண்டெடுத்தவர் சொன்னார், பனி வழிக்கிற உங்கள் வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம், நம் ஊருக்கு மேலே இருக்கிற வளைவு வரைக்கும் பனி சுத்தமாக வழித்திருந்ததாம். எனக்கு அதைக் கேட்டதில் ஒரு நிம்மதி. இதயம் நிற்கப் போகிறது என்றாலும் பாதி வேலையில் விட்டுவிட்டு வருகிற ஆளா நீங்கள். கல்யாணமான புதிதில் புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று உங்க அம்மா சொன்னபோது நான் வைத்த பேர் ‘பனிவாரி’. கடைசியில் ஊரே அதைச் சொல்லித்தான் அழுதது.

வியாழன் தோறும் தவறாமல் உங்களுக்கு வாசனை எழுப்புகிறேன். ஏழு ரொட்டி பொரிக்கிறேன், போனவர்களுக்கு வாசனைதானே சாப்பாடு. எண்ணெயோடு ஆட்டு வால் கொழுப்பையும் உருக்கிச் சேர்க்கிறேன், மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று. கதவு ஜன்னலைச் சாத்திவிடுவேன். நீங்கள் வந்து சேருகிற வரைக்கும் வாசனை வீட்டுக்குள் நிற்க வேண்டாமா.

அக்மரால் அடுப்படியை விட்டு நகர மாட்டாள். ஒன்பது வயதில் என்ன பேச்சு. “வாசனையை அப்பா எடுத்துக்கிட்டார். ரொட்டி எனக்குத்தானே?” என்கிறாள். அடுத்த வீட்டுக்கு இரண்டு கொடுத்தால் மீதி அவளுக்குத்தான். நீங்கள் போனதிலிருந்து அவள் வயிற்றை நிரப்புவது ஒன்றுதான் எனக்குச் சரியாகச் செய்ய வருகிறது.

அவளுக்குக் கொஞ்சம் இருமல் இருக்கிறது. நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தினமும் சாயங்காலம் சூடான பாலில் வால் கொழுப்பைக் கரைத்துக் கொடுக்கிறேன், நெஞ்சிலும் தேய்க்கிறேன். சரியாகிவிடும். கவலைப்படாதீர்கள்.

உங்கள்
மைரம்


கரா-பெல்
20 மே 2011

என் பனிவாரியே,

மாடு ஈன்றது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. அக்மரால் அதற்கு உங்கள் வண்டி நம்பரைப் பேராக வைத்திருக்கிறாள். வாசலில் நின்று “நாப்பத்தேழு, நாப்பத்தேழு” என்று கூப்பிட்டால் அதுவும் வருகிறது.

உங்கள் மகளுக்கு இப்போது ஊரெல்லாம் தாய்தான். அப்பா இல்லாத பிள்ளைக்குச் சோறு போட்டால் புண்ணியம் என்று யாருக்குத்தான் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற வழியில் பதினோரு வீடு. ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி நின்று, ரொட்டியில் வாய் வைக்காமல் தாண்டிப் போகக் கூடாது என்று இழுத்துப் பிடிக்கிறாள். வாய் வைப்பது என்றால் ஒரு துணுக்குதான். ஆனால் நம் ஊரில் துணுக்கோடு விடுகிறவர்கள் யார். வெண்ணெய், பாலாடை, ஜாம், சூடான தேநீர். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் பாதி விருந்து முடிந்துவிடுகிறது. திரும்பி வரும்போது மீதிப் பாதி. கன்னம் இரண்டும் ஆப்பிள் மாதிரி ஆகிவிட்டது. போன வருஷத்துப் பாவாடை இடுப்பில் ஏறவில்லை. தந்தையில்லாமல் வாடிவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

இருமல்தான் விடவில்லை. இழுப்பாக மாறியிருக்கிறது. மேட்டில் ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறாள். மற்ற பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது இவள் கல்லின் மேல் உட்கார்ந்து எல்லோருடைய சட்டையையும் காவல் காக்கிறாள். கொழுப்பு போதவில்லையோ என்று காலையிலும் ஒரு கோப்பை கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நேற்று வியாழக்கிழமை. நான் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் சாய்ந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “அம்மா, அப்பா வர்ற நாள்ல மட்டும் எனக்கு மூச்சு வர மாட்டேங்குது.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். வியாழன்தான் அதிகம். உங்க அக்காவிடம் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். “இது கூடப் புரியலையா மைரம்? என் தம்பிக்கு மகமேல உசிரு. வந்ததும் கட்டிப் பிடிக்கிறான். செத்தவன் பிடி கனமா இருக்கும். அதான் நெஞ்சு அடைக்குது” என்றார். உங்களுக்கு மனம் குளிரட்டும் என்று இன்னும் இரண்டு ரொட்டி கூட்டிப் பொரிக்கச் சொன்னார்.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாருங்கள், வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போங்கள். தொட வேண்டாம். தொட்டே ஆக வேண்டும் என்றால் என்னைத் தொடுங்கள். எனக்கு மூச்சு நிறைய இருக்கிறது.

உங்கள்
மைரம்


கரா-பெல்
1 ஜூலை 2011

என் பனிவாரியே,

முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் அவளைத் தொடவே இல்லை.

போன வாரம் வியாழன், ஒன்பது ரொட்டியில் ஐந்தாவது சட்டியில் இருக்கும்போது அக்மராலுக்கு உட்கார்ந்த இடத்திலேயே உதடு நீலமாகிவிட்டது. பேச வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் என்னால் தூக்க முடியவில்லை. நான் பெற்ற பிள்ளையை என்னால் தூக்க முடியவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. என் கூச்சல் கேட்டு ஊர் நர்ஸ் ஷைர்குல்தான் ஓடி வந்து, வெளியே காற்றில் நிமிர்த்தி உட்கார வைத்து, எதையோ முகத்தில் வைத்து மூச்சு இழுக்க வைத்தாள். பால் வண்டியிலேயே நாரின் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா. நம் பக்கத்துப் பெண்தான். அக்மரால் தேறி உட்கார்ந்த பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, எந்த நாளில் அதிகமாக வருகிறது என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். அன்றைக்கு என்ன விசேஷம் என்றார்.

“அவ அப்பா வர்ற நாள்” என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிரிக்கவில்லை. “எங்க அம்மாவுக்கு நாங்களும் வாசனை எழுப்புவோம். கதவைச் சாத்திக்கிட்டா பொரிக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பிள்ளைக்கு வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்றார். பால், வால் கொழுப்பு, பதினோரு வீட்டு ரொட்டி எல்லாம் சொன்னேன். எடை பார்த்தார்கள். நாற்பத்தாறு கிலோ. அவள் உயரத்துக்கு முப்பதுக்குப் பக்கத்தில் இருந்தால் போதுமாம்.

இதற்குப் பேர் ஆஸ்துமா என்றார். குண்டாக இருக்கிற பிள்ளைக்கெல்லாம் இது வரும் என்றில்லை, ஒல்லியான பிள்ளைக்கு வராது என்றும் இல்லை. ஆனால் எடை கூடின பிள்ளைக்கு வருவதற்கு வாய்ப்பு அதிகம், வந்தால் பாடும் அதிகம் என்றார். “நெஞ்சையும் வயித்தையும் எடை அமுக்கினா நுரையீரல் முழுசா விரியாது. மூச்சு வாங்குதுன்னு பிள்ளை ஓடாது. ஓடலைன்னா எடை இன்னும் ஏறும். ஏறினா இன்னும் மூச்சு வாங்கும். நீங்க குடுத்த கொழுப்பு நெஞ்சுக்குப் போகலைம்மா, உடம்புக்குத்தான் போச்சு. பொரிக்கிற புகைதான் நெஞ்சுக்குப் போச்சு.”

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் இது புரிந்தது. நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள். சாலையில் ஒரு கல் கிடந்தால் அதற்குப் பின்னால் கொஞ்சம் பனி சேரும். அந்தப் பனிக்குப் பின்னால் இன்னும் பனி. காலையில் பார்த்தால் சாலையே இருக்காது, கல் எங்கே என்றும் தெரியாது. அப்படித்தான் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டே, “இதை நான் மத்தவங்களுக்கும் சொல்லிக்கலாமா?” என்றார். உங்கள் பேச்சு நாரின் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறது பாருங்கள்.

பட்டினி போடக் கூடாதாம். வளர்கிற பிள்ளை. எடை குறையாவிட்டாலும் பரவாயில்லை, ஏறாமல் இருந்தால் போதும், உயரம் வந்து பிடித்துக்கொள்ளும் என்றார். காலை மாலை ஒரு இன்ஹேலர், திணறும்போது இழுக்க நீல நிறத்தில் இன்னொன்று. தினமும் நடக்க வேண்டும். வீட்டுக்குள் புகையே ஆகாது.

கடைசியாகச் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நேற்று வியாழக்கிழமை. முதல் தடவையாக உங்களுக்கு வாசனை எழுப்பவில்லை. அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பீர்களோ என்று நினைத்தேன். அக்மரால் நன்றாக மூச்சு விட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுதேன்.

உங்கள்
மைரம்


கரா-பெல்
16 செப்டம்பர் 2011

என் பனிவாரியே,

பதினோரு வாரமாக எழுதவில்லை. உங்களைப் பட்டினி போட்டுவிட்டு எந்த முகத்தோடு எழுதுவது.

நல்ல சேதி முதலில். அக்மரால் இப்போது பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறாள், நிற்காமல். பதினோரு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒருத்தி, “பிள்ளை வாயைக் கட்டுற தாயை இப்பத்தான் பார்க்கிறேன்” என்று முகத்துக்கு நேரே சொன்னாள். வழி கண்டுபிடித்தது அக்மரால்தான். ஒவ்வொரு வாசலிலும் நகம் அளவு ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டு, கையை விரித்து முகத்தில் தடவி, கிழவி மாதிரி ஆசீர்வாதம் சொல்லிவிட்டு நடக்கிறாளாம். ஆசீர்வதித்துவிட்டால் சாப்பாடு முடிந்தது என்றுதானே அர்த்தம், அதற்கு மேல் யார் பிடித்து வைப்பது. வால் கொழுப்பை நிறுத்திவிட்டேன். பால் மட்டும் கொடுக்கிறேன்.

வாரம் ஒரு தடவை எடை பார்க்க வேண்டும் என்று சொன்னார்களா, நம் ஊரில் ஏது தராசு. கம்பளி வாங்குகிற எசெனின் கொட்டகைக்குத்தான் கூட்டிப் போகிறேன். அந்த ஆளுக்கு வாய் சும்மா இருக்காது. முதல் நாள், “இது எந்த ரகக் கம்பளி? கத்தரிச்சாச்சா இல்லையா?” என்று சத்தமாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் திரும்பிவிடலாம் போல இருந்தது. உங்கள் மகள் தராசை விட்டு இறங்கவில்லை. “மாமா, முதல்ல உங்க தாடியைக் கத்தரிங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து நிறுத்துப் பார்க்கலாம்” என்றாள். அதிலிருந்து எசென் சத்தமாகச் சொல்வதில்லை. காகிதத் துண்டில் எழுதி அவள் கையில் மடித்துக் கொடுக்கிறார்.

கெட்ட சேதி உங்க அக்கா. வாசனை நின்றது தெரிந்து வந்தார். உட்காரக் கூட இல்லை. “என் தம்பி எல்லா வீட்டு வாசல்லயும் போய் நிக்கணுமா? பொண்டாட்டி இருந்தும் பசியோட அலையறானா?” என்று கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “டாக்டருக்குச் செத்தவங்க பசி தெரியுமா?” என்றார். உண்மையில் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பனி விழுவதற்கு முன் உங்கள் நினைவு விருந்தை வைக்க வேண்டும். அவர் இல்லாமல் எப்படி வைப்பேன்.

இப்போது கேளுங்கள். நேற்று உங்கள் கோட்டை வெயிலில் போட எடுத்தேன். உள்பையில் கையை விட்டால் என் கடிதம் ஒன்றும் இல்லை. பை ஓட்டை. எல்லாம் உள்துணிக்குள் இறங்கி அடிவிளிம்பில் கிடக்கிறது. தையலைப் பிரித்தேன். என்னுடையது மூன்று. அதற்கும் கீழே, நாலாக மடித்து, சாலைத் துறைக் காகிதத்தில், இன்னொன்று. உங்கள் எழுத்து. இத்தனை நாளாக என் கடிதங்கள் போய் அதன் மேல்தான் விழுந்துகொண்டிருந்திருக்கின்றன.

அதை இதோடு சேர்த்து வைக்கிறேன்.

உங்கள்
மைரம்


கணவாய்
28 நவம்பர் 2009

என் மைரம்,

நீ அனுப்பின பொரித்த ரொட்டி வந்தது. கல்லாகிவிட்டது. ஒன்றை எடுத்து அடுப்புத் தகட்டின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நான் தங்குகிற இந்த இரும்புக் கூண்டு நம் வீடாகிவிட்டது. மீதியைப் பனியில் சிக்கி நிற்கிற லாரிக்காரர்கள் தின்றார்கள். எனக்கு ஒன்று போதும். வாசனைதான் வேண்டியிருந்தது.

நேற்று மதியம் இங்கே ஒரு வேடிக்கை. காலையிலும் சாயங்காலமும் காற்று மேலேயிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறின மதியத்தில் மட்டும் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும். நான் வெளியே நின்றிருந்தேன். திடீரென்று பொரிக்கிற வாசனை. என் வீட்டில் என் பெண்டாட்டி ரொட்டி பொரிக்கிறாள் என்றேன். லாரிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினெட்டு கிலோமீட்டருக்கு மூக்கு நீட்டுகிறாயே என்றார்கள். சிரிக்கட்டும்.

நேற்று மதியம் நீ பொரித்தாயா? பதில் எழுது.

குட்டி மகளை ரொம்பப் போர்த்தி வைக்காதே, ஓட விடு. கணவாய் திறந்தால் இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன்.

உன் பனிவாரி
ஜோல்தோஷ்


கரா-பெல்
14 அக்டோபர் 2011

என் பனிவாரியே,

கணவாய் அன்றைக்குத் திறந்துவிட்டது போலிருக்கிறது. கடிதத்துக்கு முன்னால் நீங்களே வந்துவிட்டீர்கள், அது கோட்டிலேயே தங்கிவிட்டது. அந்த மதியம் நான் பொரித்தேனா என்று எத்தனை யோசித்தும் நினைவு வரவில்லை. பொரித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்க அக்கா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தார், வா என்று சொல்லவில்லை. அக்மரால் வாசலிலேயே நின்று சத்தமாகப் படித்தாள். “எனக்கு ஒன்று போதும்” என்கிற இடத்தில் அக்கா நிறுத்தச் சொன்னார். திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை முடிந்ததும் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சின்ன வயசிலேருந்தே அவனுக்கு மூக்கு நீளம்தான். உள்ளே வாங்க, ரொட்டியில வாய் வைங்க” என்றார். அக்மரால் நகம் அளவு கிள்ளினாள். அக்கா அதைப் பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

நான் சொன்னேன்: “மதினி, சாயங்காலம் வீட்டுக்குள்ள வேணாம். மதியத்துல, மேட்டு மேல, அவர் சொன்ன காத்துல எழுப்பினா என்ன?”

“அவனே நேரம் குறிச்சுக் குடுத்திருக்கான். அப்புறம் நான் யாரு?” என்றார்.

நேற்று வியாழக்கிழமை. நினைவு விருந்துக்கு முந்தின நாள். கல்லறைத் தோட்டத்துக்கு மேலே, சாலை கணவாய்க்குத் திரும்புகிற அந்த மேட்டுக்குப் போனோம். சட்டியை அக்கா தூக்கினார், விறகை நான். அக்மரால் மாவுத் தூக்கோடு முன்னால் போனாள். வசந்தத்தில் பாதி மேட்டில் உட்கார்ந்த பிள்ளை. கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னபடி இன்ஹேலர் இழுத்தாள். ஒரு இடத்தில் நின்றாள். நான் விறகோடு ஓடினேன். பார்த்தால், எங்களுக்காக நின்றிருக்கிறாள். “அத்தை, மூச்சு வாங்குதா? உட்காருங்க, பரவாயில்ல” என்றாள். அக்காவுக்குச் சிரிப்பும் மூச்சிரைப்பும் ஒன்றாக வந்து சட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

எசென் கொடுத்த காகிதத்தில் நேற்றைய எடை நாற்பத்தைந்தரை. கதவு நிலையில் உயரம் பார்த்துப் போட்ட குறிக்கு மேலே ஒரு விரல் வளர்ந்திருக்கிறாள். டாக்டரம்மாவுக்கு இது போதும். எனக்கும் போதும்.

மேலே போனதும் உங்கள் மகள் காய்ந்த புல்லைக் கசக்கித் தூவிக் காற்றைப் பார்த்தாள். எங்களைப் பள்ளத்தாக்குப் பக்கம் நிற்க வைத்து, சட்டியைக் கணவாய்ப் பக்கம் வைக்கச் சொன்னாள். புகை ஒரு இழை கூட அவள் மேல் வரவில்லை. ஏழு பொரிக்கலாம் என்று மாவு கொண்டு போயிருந்தோம். அக்கா ஒன்றை மட்டும் சட்டியில் போட்டுவிட்டு, மீதி மாவை மூடி வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது உப்பிப் பொன்னிறமானது. வாசனை எழும்பியது. எங்கள் தலைத்துணியெல்லாம் மலைப் பக்கம் பறந்தது.

அக்மரால் அந்த ரொட்டியை மூன்றாகப் பிய்த்தாள். தன் பங்கைத் தின்றுவிட்டு, சாலையோரமாகவே வளைவு வரைக்கும் ஓடினாள். ஓடினாள் என்றுதான் எழுதுகிறேன், நடந்தாள் என்று இல்லை. நீங்கள் கடைசியாக வழித்த அந்த வளைவில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஒரே மூச்சில், நிறுத்தாமல், மேலே பார்த்துக் கத்தினாள். நான் கேட்க நினைத்ததும் அதுதான். அதனால் அவள் கேட்டதையே இங்கே எழுதி முடிக்கிறேன். கோட்டுப் பையைத் தைத்துவிட்டேன், இனிமேல் கடிதம் கீழே விழாது.

அப்பா, வாசனை வந்துச்சா?

உங்கள்
மைரம்